அலை விழுந்த ரிப்

அன்றைக்கு திருப்பூர் மண்ணரை நிட்டிங் செட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழனிசாமி. செட் அவருடையது. துணி ஓட்டும் மெஷின் இரண்டு வைத்திருந்தார். என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான்.

ஜெசிந்தா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டில் துணி வாங்கும் பையருக்கு மெயில் எழுதுவதும், வந்த மெயிலை எங்களுக்குத் தமிழில் சொல்வதும் அந்தப் பெண்ணின் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்.

செல்வின். கோயமுத்தூர் கேமராக் கடை ஆள். மடியில் லேப்டாப். கையில் புது கேமரா பாடி. பாடி என்றால் லென்ஸ் மாட்டாத வெறும் கேமரா.

சரஸ்வதி. என் மனைவி. அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தாள். புது பாடியைப் பார்த்ததும் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு நூல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நான். போட்டோக்காரன். கழுத்தில் என் பழைய கேமரா.

ஐந்து பேருக்கும் நடுவில் ஒரு டம்மி, சட்டை மாட்டுகிற பொம்மை. டம்மிக்கு ஒரு டீ-ஷர்ட். சாம்பல் நிற மெலாஞ்ச் ரிப்.

புது பாடி வாங்குவதா, வேண்டாமா. அன்று மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பணம் இருந்தது. சரஸ்வதி எடுத்த சீட்டுப் பணம். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும். அதைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட அவள் வைத்திருந்தது.

வாங்கினால் கூரை போச்சு. வாங்காவிட்டால் மச்சானின் ஆர்டர் போச்சு. எல்லோரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

வெளியே மூடிக்கொண்டு நின்றது வானம். செட்டுக்குள் இருப்பவனுக்கு அதெல்லாம் தெரியாது. மெஷின் சத்தம்தான். ஊசி எண்ணெய் வாசம். பஞ்சு பறக்கும். புருவத்தில் ஒட்டும், டியூப்லைட் மேல் உட்காரும், மூடி திறந்தால் சோற்றிலும் விழும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டேப் ஒட்டின இடம்

என் ஸ்டுடியோவுக்கு போர்டு மாட்டியதை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். போர்டில் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். எனக்குச் சோறு போட்டது அதில் எதுவும் இல்லை. சாம்பிள் போட்டோதான் சோறு போட்டது.

பத்தாயிரம் பனியன் தைப்பதற்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் ஒரு பனியன் தைப்பார்கள். அதை பையர் பார்த்து சரி என்று சொல்ல வேண்டும். கூரியரில் போனால் நாள் ஆகும். அதனால் முதலில் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புவார்கள். அந்த போட்டோ எடுக்கிற ஆள் நான்.

நான் சேவூரில் ஐந்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் வராது. கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அதுவே போதுமாக இருந்தது.

கம்பெனிக்கு ஒரு கண்டிஷன் இருந்தது. எல்லா போட்டோவிலும் சட்டை ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் பையருக்குப் பிடிக்காதாம்.

அதனால் ஸ்டுடியோ தரையில் டேப் ஒட்டினேன். டம்மி நிற்க ஒரு பெருக்கல் குறி. நான் நிற்க ஒரு கோடு. என் வலது கால் கட்டைவிரல் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பிறகு ஒரே லைட், ஒரே உயரம். யார் சட்டை வந்தாலும் அப்படியே எடுத்துவிடலாம்.

டேப் தேய்ந்தால் அதன் மேலேயே புது டேப் ஒட்டுவேன். வருடக்கணக்கில் அப்படித்தான் நின்றேன். நின்ற இடத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

அப்போதுதான் இந்த ரிப் வந்தது.

ரிப் என்பது பனியன் கழுத்தில் இழுத்தால் விரியுமே, அந்தத் துணி. மேடும் பள்ளமுமாக நெருக்கமாகக் கோடு ஓடும். அதுவரை கழுத்துக்கும் கைக்கும்தான் வைப்பார்கள். இந்த பையர் முழுச் சட்டையும் ரிப்பில் கேட்டார். அதுவும் மெல்லிசாக, கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்.

துணி ஓட்டியது மச்சான். கம்பெனி கொடுத்த பெரிய ஆர்டர் அது. சாம்பிள் ஓகே ஆனால் இரண்டு மெஷினும் நிற்காமல் ஓடும்.

சட்டை வந்தது. டேப்பில் நின்றேன். எடுத்தேன். சாயங்காலம் மெயில் போனது.

பையர் சொன்னால் சொன்னது

மறுநாள் காலையில் ஜெசிந்தா செட்டுக்கு வந்தது. என்னையும் வரச்சொல்லி போன் செய்திருந்தது. கையில் போட்டோவின் பிரிண்ட்.

சட்டையின் மார்பில் அலை விழுந்திருந்தது. மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் நிறம் நிறமாக வளைந்து நிற்குமே, அது மாதிரி.

மெயிலில் மூன்று வரி. துணியில் அலைக்கோடு தெரிகிறது. மெஷின் ஊசியைப் பாருங்கள். சரிசெய்து மறுபடியும் போட்டோ அனுப்புங்கள்.

மச்சான் பிரிண்டை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

"ஊசி போச்சுன்னா நேராக் கோடு உழுகுமுங்க. அலையா எப்படிங்க உழுகும்?"

"எனக்கும் தெரியுது அண்ணாச்சி. கமெண்ட் வந்தாச்சுல்லா. நான் என்ன செய்ய?"

திருப்பூரில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. பையர் கமெண்ட் என்று ஒன்று வந்துவிட்டால் வந்ததுதான். அது சரியா தப்பா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பட்டன் பெரிது என்றால் பட்டனை மாற்றுவோம். நீலம் போதாது என்றால் இன்னொரு தடவை சாயம் முக்குவோம். நீலம் போதும் என்று பதில் எழுதிய ஆளை நான் பார்த்ததில்லை.

துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா ஒரு இடத்தில் விரல் வைத்து, இங்கே என்னமோ மாதிரி இருக்கிறது என்றது. மச்சான் குனிந்து பார்த்து ஆமாம் என்றார். கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னய்யா இது இவ்வளவு கோடு என்று கேட்டார். கட்டிங் மாஸ்டருக்கும் தெரிந்தது. டீ கொண்டுவந்த ஆளிடம் காட்டினார்கள். அவருக்கும் தெரிந்தது.

எனக்கும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. மெயில் வந்த பிறகு துணியைப் பார்க்கிற கண்ணே வேறு.

முதலாளி போன பிறகு மச்சான் ரிப் ஓட்டிய மெஷினை நிறுத்தினார். அந்த மெஷின் நின்று நான் பார்த்ததில்லை. அதன் சத்தம் போனதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஊசி முழுவதும் மாற்றினார். ரிப் மெஷினில் மேல் தட்டு ஒன்று, கீழ் உருளை ஒன்று. இரண்டிலும் சுற்றிலும் ஊசி. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணெய் டின்னில் போட்டார். டிங், டிங் என்று விழும். புது ஊசி காகிதப் பொட்டலத்தில் இருக்கும். பிரித்து, துடைத்து, சொருக வேண்டும். ராத்திரி, பகல் என்று பார்க்காமல் செய்தார். கண் சிவந்து மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது. பழைய ஊசி ஒன்றை எடுத்து லைட்டில் பார்த்தார். தேய்மானம் இல்லை. அதையும் டின்னில் போட்டுவிட்டார்.

புது ஊசியில் துணி ஓடியது. மெலாஞ்ச் என்றால் நூலே நிறம் கலந்து வரும், சாயவேலை இல்லை. சட்டை சீக்கிரம் வந்துவிட்டது. நான் டேப்பில் நின்று எடுத்தேன்.

அலை இருந்தது. முன்னைவிட நன்றாகவே இருந்தது.

எத்தனை மெகா பிக்சல்

முதலாளி மச்சானுக்கு போன் போட்டு, உன் மெஷினே கோளாறு, துணியை வேறு இடத்தில் ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மண்ணரையில் நாலு செட்டில் அது பரவிவிட்டது. பழனிசாமி மெஷினில் அலை விழுகிறதாம்.

ஜெசிந்தா முதலாளியிடம் பேசி ஒரு நாள் வாங்கியது. பிறகு இரண்டு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தது. முதல் படத்தில் அலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாவதில் வலது பக்கம். துணியில் கோளாறு என்றால் இப்படி மாறாதே என்றது.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒங்க கேமரா எத்தனை மெகா பிக்சல்?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உள்ளே சுள்ளென்று ஏறும்.

ஃபிலிம் இருந்த காலத்தில் யாரும் என்னிடம் கேமராவைப் பற்றிக் கேட்டதில்லை. கண்ணை மூடிட்டனா என்று கேட்பார்கள். பவுடர் அதிகமா என்று கேட்பார்கள். அவ்வளவுதான். செல்போனில் கேமரா வந்த பிறகு எல்லோரும் வாத்தியாராகிவிட்டார்கள். அவிநாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சீர் நடக்கிறது. பெண்ணின் சித்தப்பா என் தோளைத் தட்டி, என்ற போன் மூணுங்க, உங்களுது எத்தனைங்க என்றார். ஆறுங்க என்றேன். அவ்வளவுதானுங்களா என்று சொல்லிவிட்டு, ஏமாந்துபோன மாதிரி பந்திக்குப் போய்விட்டார். நான் என்னமோ ஆறு ஆடு வைத்துக்கொண்டு பண்ணையம் செய்வதாகச் சொன்ன மாதிரி.

அந்த ஆறு மெகா பிக்சல் கேமராவை எனக்கு விற்றதும் செல்வின்தான். இதுக்கு மேல ஒண்ணு வராது சார் என்று சொல்லி விற்றார். எட்டு வந்தபோது போன் செய்தார். இதுக்கு மேல வராது சார். பத்து வந்தபோதும் செய்தார். அதையேதான் சொன்னார். நான் வேண்டாம், வேண்டாம் என்றே வைத்துவிடுவேன்.

ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை கடைக்குப் போனபோது கையில் எடுத்துப் பார்த்தேன். பிடி நன்றாக இருந்தது. ஷட்டர் சத்தம் நூலை நறுக்கென்று அறுத்த மாதிரி. வைத்துவிட்டு பாட்டரி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆசை வேறு. இது வேறு. இப்போது முதலாளியே ஜெசிந்தாவிடம் சொல்லியனுப்பிவிட்டார். கோளாறு கேமராவில்தான் என்றால் அந்த ஆளைப் புதுசு வாங்கச் சொல், இல்லை என்றால் வேறு போட்டோக்காரனைப் பார், மெஷினா கேமராவா என்று நாளைக்கு மதியத்துக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் செல்வினுக்கு போன் செய்தேன். பாடியை எடுத்துக்கொண்டு மண்ணரைக்கு வாருங்கள் என்றேன். அவர் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

துண்டுக்குள் லென்ஸ்

மறுபடியும் செட்டுக்கு வருகிறேன்.

புது பாடியைச் சோதிப்பதை ஸ்டுடியோவில் வைத்திருக்கலாம். மச்சான் மெஷினை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். போதுமுங்க நிறுத்துனது என்றார். அதனால் டம்மியை டிவிஎஸ் வண்டியில் வைத்து, இரண்டு லைட்டையும் கட்டிக்கொண்டு நான்தான் போனேன். வழியில் போலீஸ்காரர் ஒருவர் டம்மியைப் பார்த்து நிறுத்தினார். தலை இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

செல்வின் புது பாடியை எடுத்தார். லென்ஸ் என்னுடையதுதான் மாட்ட வேண்டும். அதைக் கழற்றி இதில் போட வேண்டும். பஞ்சு பறக்கிற செட்டுக்குள் நின்றுகொண்டு அவர் பாடியின் மூடியைத் திறந்தார்.

கேமரா வாயைத் திறந்து இந்த ஊர்ப் பஞ்சு உள்ளே போனால், கல்யாணப் படம் எல்லாவற்றிலும் மணமகன் நெற்றியில் ஒரு புள்ளி நிற்கும். என் துண்டை எடுத்து அவர் கை மேல் போர்த்தினேன். துண்டுக்குள்ளேயே லென்ஸை மாற்றினோம். ஏதோ மாட்டுச் சந்தையில் துணிக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி இருந்தது.

இஞ்ச் டேப்பை வைத்து ஸ்டுடியோவில் இருக்கிற அதே தூரத்தை அளந்தேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். கட்டைவிரலை வைத்து நின்றேன்.

பழைய கேமராவில் எடுத்தோம். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தோம். அலை.

துண்டு. லென்ஸ். புது பாடி. அதே கோடு. எடுத்தோம்.

அலை இல்லை.

சட்டை மழித்த முகம் மாதிரி சுத்தமாக இருந்தது. கோடு கோடாக ரிப் தெரிந்தது. தையல் நூலின் முறுக்குகூடத் தெரிந்தது.

ஜெசிந்தா யேசுவே என்று மெல்லச் சொன்னது. மச்சான் லேப்டாப்பை விட்டு நிமிர்ந்தவர் நேராக எண்ணெய் டின்னைப் பார்த்தார். ஊசி நிறைந்து கிடந்தது.

"வாங்கிப்போடுங்க மாப்ள."

செல்வின் ஏற்கெனவே பெட்டியை வெளியே எடுத்துவிட்டார். விலையைச் சொன்னார். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த சரஸ்வதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க தம்பி, இதுக்குக் கண்ணாடி?"

"லென்ஸ் சாரோடதே போதுங்க்கா."

"கார்டு?"

"அது மட்டும் கொஞ்சம் பெருசு போட்டுக்கணும்."

"பாட்டரி?"

"அது வேற மாடலுங்க்கா."

"கம்ப்யூட்டரு?"

செல்வின் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

"வேகமானது ஒண்ணு இருந்தா நல்லதுங்க."

"அப்பறம் ஊடு மட்டும் எதுக்குங்க, அதையும் மாத்திப்போடலாம்."

மச்சான் தங்கையின் பக்கத்தில் போய் நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அம்மிணி, கூரையை அடுத்த வருசம் போட்டுக்கலாம் சாமி."

"மழையும் அடுத்த வருசம்தான் வருதுன்னு சொல்லியிருக்குதுங்களாண்ணா?"

அண்ணன் மெஷின் நின்றுபோனால் தங்கை கான்கிரீட் வீட்டில் நிம்மதியாகப் படுத்துக்கொள்வாளா என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அவளும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்க இஷ்டமுங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பஞ்சா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கட்டால போங்க

அந்த நேரம் பார்த்து மெஷினில் துணி ரோல் நிறைந்துவிட்டது. யார் குடி முழுகினாலும் ரோல் நிறைந்தால் அறுத்து எடுத்தாக வேண்டும். மச்சான் அறுத்தார். தோளில் தூக்கினார். டம்மிக்கும் எனக்கும் நடுவில்தான் வழி.

"மாப்ள, சித்த அக்கட்டால போங்க."

அவருக்கு வழி விட வேண்டுமே என்று பின்பக்கம் நகர்ந்தேன். சுவரோடு ஒட்டி நின்றேன். சாக்பீஸ் கோடு எனக்கு முன்னால் போய்விட்டது. கையில் புது பாடி. ரோல் தாண்டிப் போனதும் விரல் சும்மா இருக்காமல் ஒரு படம் எடுத்துவிட்டது.

செல்வின் அதையும் லேப்டாப்பில் ஏற்றினார்.

அலை.

புது பாடியில். பத்து மெகா பிக்சலில். முன்னே இருந்ததைவிடக் குறுகலாக, அழகாக, அலை அலையாக.

செல்வின், ஃபோகஸ் போயிடுச்சு சார் என்றார். ஃபோகஸ் பிடித்து அங்கேயே நின்று எடுத்தேன். அலை. கோட்டுக்குப் போய் எடுத்தேன். இல்லை. பின்னால் வந்தேன். இருந்தது.

துண்டை எடுத்தேன். லென்ஸைக் கழற்றி என் பழைய கேமராவில் மாட்டினேன். இந்தத் தடவை கோட்டைத் தாண்டி டம்மிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எடுத்தேன்.

அலை இல்லை.

கோட்டில் நின்று எடுத்தேன். அலை.

முன்னே போனால் இல்லை. கோட்டுக்கு வந்தால் இருக்கிறது. பைத்தியக்காரன் மாதிரி முன்னும் பின்னும் நடந்தேன். சரஸ்வதி எழுந்து வந்து லேப்டாப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும், இல்லை, இருக்குது, இல்லை என்று அவளே சொன்னாள்.

துணியில் ஒன்றும் இல்லை. ஊசியில் ஒன்றும் இல்லை. கேமராவிலும் ஒன்றும் இல்லை. நான் நின்ற இடம். வருடக்கணக்காக டேப் மேல் டேப் ஒட்டி நான் நின்ற அந்த இடம். இந்த ரிப்புக்கு மட்டும் அது ஆகாத இடம்.

செல்வின் அப்போதுதான் விளக்கினார். கேமராவுக்குள் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கிறதாம். துணியிலும் வரிசை வரிசையாகக் கோடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கமாக வந்தால் இந்த அலை வருமாம். கொசுவலையை இரண்டாக மடித்துப் பிடித்தால் தெரிகிற மாதிரி. புது பாடியில் புள்ளி அதிகம் என்பதால் அலை விழும் இடம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறதாம். எந்த பாடியாக இருந்தாலும் ஏதாவது ஒரு தூரத்தில் விழுமாம்.

இது உங்களுக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். அரசல் புரசலாகத் தெரியும் சார் என்றார்.

மச்சான் ரோலை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். பிறகு டம்மியிடம் போய் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். டியூப்லைட்டுக்கு இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"இல்லீங்க மச்சான்."

"மொதல்லயும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

நான் புது பாடிக்கு மூடி போட்டு செல்வினிடம் கொடுத்தேன். வேண்டாமுங்க என்றேன். அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, அடுத்த மாசம் ஒண்ணு வருது சார், அதுக்கு மேல ஒண்ணு வராது என்றார்.

சரஸ்வதி தூக்குப்போசியைத் திறந்து அண்ணனுக்குச் சோறு போட்டாள். செல்வினுக்கும் போட்டாள். கேமரா விற்காதவருக்குச் சோறு போடுவதில் அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

ஓகே

நான் கிட்டே நின்று எடுத்த படத்தை ஜெசிந்தா அளவு குறைத்து, மற்ற படங்கள் மாதிரியே ஆக்கி அனுப்பியது. மறுநாள் பதில் வந்துவிட்டது. ஜெசிந்தா செட்டுக்கே வந்து படித்துச் சொன்னது.

அலை போய்விட்டது. துணி ஓகே. ஊசி மாற்றியது நல்ல பலன் கொடுத்திருக்கிறது. நன்றி. இனிமேல் ரிப் ஆர்டர் எதுவாக இருந்தாலும் முதலில் ஊசியை மாற்றிவிட்டுத்தான் சாம்பிள் ஓட்ட வேண்டும்.

நான் மச்சானைப் பார்க்கவில்லை. கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, ஊசியில ஒண்ணுமில்லீன்னு ஒரு வரி எழுதிப்போடுங்க. என்ற மெசினு பேரு கெட்டுப்போச்சுங்க."

"அண்ணாச்சி, ஓகே வந்தாச்சு. ஓகே வந்த பொறவு வாயத் தொறக்கக் கூடாது."

"நெசந்தானுங்க சொல்றோம்."

"நெசத்தச் சொன்னா, அப்பம் மொத போட்டோவ ஏன் அப்படி அனுப்புனியன்னு கேப்பாவ. பொறவு பழைய போட்டோ அம்புட்டையும் கேப்பாவ. இந்த அண்ணாச்சியும் போவாவ, நானும் போவேன்."

"அப்ப என்ற மெசினு கெட்ட மெசினுங்களா?"

"நல்ல மெசினு ஆயிட்டுல்லா. புது ஊசி போட்டாச்சே."

அந்தப் பெண் கேலியாகச் சொல்லவில்லை. அதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மச்சானும் கோபப்படவில்லை. எழுதுங்க என்று நானாவது ஜெசிந்தாவிடம் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எழுதினால் எனக்கும் சோறு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த ஆள் கேட்கமாட்டார்.

"சரீங்க. ஓகேன்னா ஓகே."

ஆர்டர் அவரிடமே ஓடியது. முதலாளி வந்து முதுகைத் தட்டினார். ஊசி மாத்துனதும் எப்படி இருக்குது பாத்தியா பழனிசாமி என்றார். மச்சான் ஆமாங்க என்றார்.

நான் ஸ்டுடியோவுக்குப் போய் டேப்பை உரித்தேன். அடுக்கு அடுக்காக வந்தது. தரையில் கறை மட்டும் நின்றது. அப்புறம் துணியைப் பார்த்துத்தான் நிற்கும் இடத்தை முடிவு செய்வேன். முதலாளிக்கு அது தெரியாது. புது கேமரா வாங்கிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கான்கிரீட் போட்டோம். பழைய கேமரா ஷட்டர் போகிற வரைக்கும் ஓடியது. செல்வின் போன் செய்வதை நிறுத்தவே இல்லை.

மச்சான் அந்த எண்ணெய் டின்னைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடவில்லை. மேல் ஊசியும் கீழ் ஊசியும் கலந்துவிட்டது. பிரித்து மறுபடி மாட்டுவதும் ஆகாத வேலை. மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார். எப்போது போனாலும் என் காலில் இடிக்கும். சத்தம் வரும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒன்றும் தேயாத, வளையாத, நல்ல ஊசி. மேல் தட்டில் ஆயிரத்து அறுநூற்று எண்பது. கீழ் உருளையில் ஆயிரத்து அறுநூற்று எண்பது.

மொத்தம் மூவாயிரத்து முந்நூற்று அறுபது.